குசினி அரபு

காலிதீன் கட்டாரில் ஒரு வீட்டுக்குச் சாரதியாக இருந்தான். பக்கத்து வீட்டில் சமையலுக்கு நின்றவள் நூர்ஹயாத்தி. அவளுடைய ஊர் இந்தோனேசியாவில், ஜாவாவின் மலைச்சரிவில் இருந்தது. இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது, அங்கே வேலைக்குப் போனவர்கள் பேசும் உடைந்த அரபு மட்டும்தான். அந்த அரபில்தான் அவன் அவளைக் கேட்டான். அந்த அரபில்தான் அவளும் சம்மதித்தாள். கலியாணம் முடித்து, விடுமுறையில் அவளை இலங்கையில் தன் ஊரான நிந்தவூருக்குக் கூட்டி வந்து தாய் வீட்டில் விட்டுவிட்டு அவன் திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டான். அவனுடைய வேலை ஒப்பந்தம் முடியும்வரை அவள் நிந்தவூரில் இருக்க வேண்டும்.

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் பெண்ணுக்குத்தான். காலிதீனின் தாய் பஸ்லியா, தன் மகள் நஸ்லாவின் கணவனாக ஒரு நாள் வரப்போகும் மருமகனை எப்படிக் கவனிப்பது என்று பல தடவை யோசித்து வைத்திருந்தாள். மகன் ஒரு மருமகளைக் கொண்டுவந்து நிறுத்துவான் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரே குசினியில், ஒரே அடுப்படியில் மருமகளோடு நிற்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லித் தரவும் ஆளில்லை. அவளைச் சுற்றி இருந்த யாருக்கும் அது தெரியாது.

ஹயாத்திக்கோ எதுவுமே தெரியவில்லை. வந்த புதிதில் இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் மாமா என்று கூப்பிடுகிறார்களே என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அவளுடைய மொழியில் "ஓம்" என்றால் மாமா. மீன்காரன் கேட்டால் பஸ்லியா "ஓம்" என்பாள். பஸ்லியா கேட்டால் நஸ்லா "ஓம்" என்பாள். பெண் பிள்ளையும் தாயை மாமா என்றா சொல்லும்? பிறகுதான் அது சம்மதம் சொல்லும் சொல் என்று பிடிபட்டது. "இது" என்பது அதைவிட மோசம். அவளுடைய மொழியில் "இத்து" என்றால் தூரத்தில் இருப்பது. நஸ்லா காலடியில் கிடக்கும் வாளியைக் காட்டி "இது, மதினி, இது" என்றால் ஹயாத்தி கிணற்றடிக்கு அப்பால் எதையோ தேடுவாள்.

கைப்பேசியில் மொழிபெயர்க்கும் செயலி இருந்தது. ஒரு நாள் பகல் நஸ்லா அதற்குள் வாயை வைத்து, "மறுகா சாப்பிடுவம்" என்றாள். பிறகு சாப்பிடலாம் என்பதுதான் அவள் சொன்னது. செயலிக்கு அந்த ஊர்ச் சொல் தெரியாது. "மருகாவுடன் உண்போம்" என்று இந்தோனேசிய மொழியில் காட்டியது. யாரோ மருகா என்று ஒருவர் விருந்துக்கு வரப்போகிறார் என்று ஹயாத்தி இன்னொரு சோற்றுக் கோப்பையும் கழுவி வைத்துவிட்டுப் பொழுதுபடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தச் செயலியை ஒருவரும் நம்பித் தொடவில்லை.

இவற்றையெல்லாம் அவளால் சிரித்துக் கடக்க முடிந்தது. கடக்க முடியாமல் இருந்தது பஸ்லியாவின் அரபு.

பஸ்லியா காலிதீன் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் றியாதுக்குப் போய், ஒரு பெரிய வீட்டில் சில வருசம் வேலை செய்தவள். திரும்பி வந்தபின் அந்த அரபைப் பேச ஆளிருக்கவில்லை. மருமகள் வந்ததும் அது அவளுக்குள்ளிருந்து எழும்பி வந்தது. "தஆலி!" வா. "ஜீபி!" கொண்டுவா. "ஷீலி!" எடு. "ஸுர்ஆ, ஸுர்ஆ!" கெதியாக. அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் இப்படித்தான் வந்தது. சொல்லும்போது குரலும் மாறி, கட்டையாகி, றியாத் வீட்டு எசமானியின் குரலாகிவிடும். அது பஸ்லியாவுக்குத் தெரியாது. மருமகளோடு கதைக்க ஒரு பாசையாவது கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோசம்.

ஹயாத்திக்கு அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் நன்றாக விளங்கின. இந்த ஊரில் அவளுக்கு விளங்கியவை அவை மட்டும்தான். ஒரு வீட்டு வேலையை விட்டு இன்னொரு வீட்டு வேலைக்கு வந்துவிட்டேனோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் இந்த எசமானி தன் கையால் மீன் நடுத்துண்டை எடுத்து மருமகளின் சோற்றுக் கோப்பையில் வைக்கிறாளே, அது என்ன? அதுவும் விளங்கவில்லை.

ஒரு நாள் காலை ஹயாத்தி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவு காலிதீனோடு கதைத்து முடியச் சுணங்கிவிட்டதால் தலை பாரமாக இருந்தது. கண் சொருகி, துருவலையின் பல் விரலில் பட்டுவிட்டது. பஸ்லியா ஓடிவந்து தேங்காய்ப் பாதியைப் பிடுங்கினாள். விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கையை வாசல் பக்கம் வீசி, "ரூஹி!" என்றாள். போ.

ஹயாத்தி எழுந்து கூடத்துக்கு வந்து நின்றாள். எங்கே போவது? கடைக்கா? என்ன வாங்க என்று சொல்லவில்லையே. கண்ணுக்கு முன்னால் நிற்காமல் போ என்கிறாளா? கட்டாரில் எசமானிக்குக் கோபம் வந்தால் இதே சொல்லை இதே கை வீச்சோடுதான் சொல்வாள். அவள் குழம்பிப்போய் நிற்கும்போது பஸ்லியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னும் அங்கேயே நிற்பதைக் கண்டு இன்னும் பலமாக, "ரூஹி, ரூஹி!" என்றாள்.

ஹயாத்தி அபாயாவைப் போட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கேற்றைத் திறந்து வெளியே போனாள்.

வீதியில் கல்முனை பஸ் வந்தது. நஸ்லாவோடு அதில் போய்ப் பழக்கமாதலால் ஏறினாள். கல்முனைச் சந்தையில் புடவைக் கடைகளையும் மரக்கறிக் குவியல்களையும் பார்த்தபடி திரிந்தாள். யாராவது ஏதாவது கேட்டால் சிரித்தாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மனம் கொஞ்சம் அடங்கியிருந்தது. திரும்பிப் போனால் வீட்டுக்குள் விடுவார்களா மாட்டார்களா என்று போய்த்தான் பார்க்க வேண்டும். வேறு எங்கே போவது?

பஸ் நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸின் கொண்டக்டரிடம் "நிந்தவூர்?" என்று கேட்டாள்.

"காரைதீவுச் சந்தியில இறங்கி மாறுங்க, தங்கச்சி" என்று அவன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.

இந்த ஊரில் தலையை அப்படி ஆட்டினால் ஆமென்று அர்த்தம் என்பதை அவள் படித்திருந்தாள். அதை நம்பி ஏறி உட்கார்ந்தாள்.

காரைதீவுச் சந்தியில் கொண்டக்டர் பின் கதவில் நின்று கத்தினான். முன்னால் இருந்த ஹயாத்திக்கு அது கத்தலாக மட்டுமே கேட்டது. பஸ் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. இரு பக்கமும் வயல் வந்தது. நிந்தவூரிலும் வயல் உண்டுதானே என்று இருந்தாள். பிறகு அரிசி ஆலைகளும் உழவு இயந்திரங்களும் நெருக்கமான கடைகளும் வந்தன. சம்மாந்துறை. அங்கே ஒரு கலியாண வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தார்கள். தெரிந்த இடம்தான், அப்படியானால் வீடும் கிட்டத்தான் என்று நினைத்தாள். ஊர் முடிந்தது. மறுபடியும் வயல், பெரிய மரங்கள், தூரத்தில் வெள்ளையாக ஒரு பௌத்தத் தாதுகோபம். பஸ் கடைசியாக நின்றபோது எல்லாரும் இறங்கினார்கள். அவளும் இறங்கினாள்.

அது அம்பாறை. ஆனால் அது அவளுக்குத் தெரியாது. எதிரே இருந்த கடைப் பலகைகளில் சிங்களத்தின் உருண்டை எழுத்துகள் இருந்தன. நிந்தவூரில் எல்லாப் பலகைகளிலும் இரண்டு விதமான எழுத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் போலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஆக்கும் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். இங்கே உருண்டை எழுத்துகள் மட்டும் பெரிதாக நின்றன.

தாகமாக இருந்தது. ஒரு கடைப் பெண்ணிடம், தனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல்லைச் சொன்னாள்.

"தண்ணி."

பெண் விழித்தாள். "மொகத?" என்ன?

"தண்ணி. தண்ணி" என்று ஹயாத்தி நாக்கை நன்றாக மடித்துச் சொன்னாள். பெண் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, "கொஹெத யன்னே?" என்று கேட்டார். எங்கே போகிறாய் என்றுதான் கேட்டார். ஹயாத்தி அதற்குள் "எங்க" என்ற சொல்லைத் தேடினாள். இல்லை. "போ" இருக்கிறதா என்று தேடினாள். அதுவும் இல்லை. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த சொற்கள் ஒரு பஸ் ஓட்டத்தில் எப்படிச் செத்துப்போயின? தான் சரியாகச் சொல்லவில்லையா, இல்லை இவ்வளவு நாளும் நஸ்லா பிழையாகச் சொல்லிக் கொடுத்தாளா? இது வேறொரு மொழி என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. இவ்வளவு சின்ன நாட்டில், இவ்வளவு கிட்டத்தில், இன்னொரு மொழி தொடங்கும் என்று யார் சொன்னார்கள்?

கைப்பேசியில் காலிதீனுக்கு எடுத்தாள். அவன் வாகனம் ஓட்டும் நேரம், பதில் இல்லை. வீட்டுக்கு எடுத்தாள்.

"மதினி! எங்க நிக்கீங்க? உங்களத் தேடித் திரியிறம்!" நஸ்லா கிட்டத்தட்ட அழுதாள்.

ஹயாத்திக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், கைப்பேசியைக் கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். அந்தப் பக்கம் நஸ்லா, "அண்ண, தமிழ்... தமிழ் தெரியுமா? எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாக அதையே சொன்னார். அதற்குள் ஒரு சொல் நஸ்லாவுக்குப் பிடிபட்டது. "அம்பாற."

"உம்மா! அம்பாறையில நிக்கிறாவாம்!" என்ற கூச்சல் கேட்டது. பிறகு நஸ்லா, "மதினி, அங்கயே நில்லுங்க. உம்மா வாறா. நில்லுங்க!" என்றாள்.

ஹயாத்திக்கு "உம்மா" விளங்கியது. "வா" விளங்கியது. உம்மா வரச் சொல்கிறாரா, உம்மா வருகிறாரா? வரச் சொன்னால் எந்தப் பஸ்ஸில்? அவள் பஸ் நிலையத்துக்குள் கொஞ்சத் தூரம் நடப்பாள், திரும்புவாள். கடைசியில் ஒரு தூணோடு சாய்ந்து நின்று, கணவனுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, உன் தாய் போகச் சொன்னார், வீடு எங்கே என்று தெரியவில்லை என்று, அழுகையும் அரபுமாக.

பக்கத்தில் அவித்த சோளன் விற்றுக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி சட்டென்று திரும்பினாள்.

"வேன் பைத்?" என்றாள். வீடு எங்கே?

அந்த ஊரில் ஹயாத்திக்கு விளங்கிய முதல் சொற்கள் அவை.

அந்தப் பெண்ணின் பெயர் குசுமாவதி. குவைத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்தவள். "இஜ்லிஸி!" என்று அதட்டினாள். உட்கார். ஹயாத்தியின் உடம்பு அவளைக் கேட்காமலே பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டது. "இஷ்ரபி!" குடி. தன் போத்தலைத் திறந்து கொடுத்தாள். குடித்து முடிவதற்குள் ஒரு சோளனை உப்புத் தண்ணீரில் தோய்த்துக் கையில் திணித்தாள். "குலி! குலி!" சாப்பிடு. அத்தனையும் கட்டளைதான். குரலும் பஸ்லியாவின் அரபுக் குரலைப் போலவே கட்டையாக இருந்தது. ஹயாத்தி சோளனைக் கடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் ஏசுகிறாளா, இல்லை அன்பாகத்தான் இருக்கிறாளா?

வெயில் சரிந்தபோது ஒரு பஸ்ஸிலிருந்து பஸ்லியா இறங்கினாள். தனியாகத்தான் வந்திருந்தாள். அவளுடைய கணவர் ஷரிபுதீன் தூரத்தில், சாகாமத்து வயலில் நின்றார், கைப்பேசிக்கு எட்டவில்லை. நஸ்லா வீட்டில் இருந்தால்தான் அழைப்பு வந்தால் எடுக்கலாம். அம்பாறைக்குத் தனியே வந்து பஸ்லியாவுக்குப் பழக்கமில்லை.

ஹயாத்திதான் முதலில் கண்டாள். கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். பஸ்லியா கைப்பேசியில் ஹயாத்தியின் கலியாணப் படத்தை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களை மறித்துக் கேட்டாள். "இந்தப் புள்ளயக் கண்டீங்களா? என்ட மகன்ட பொஞ்சாதி. பாச தெரியாத புள்ள." ஒரு கிழவர் நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ்லியா "ஓம், ஓம்" என்றாள். அவர் இடது பக்கம் கையைக் காட்டினார். "ஓம், ஓம்" என்று வலது பக்கம் நடந்தாள். இன்னொருத்தி ஏதோ கேட்டாள். அதற்கும் ஒரு சிரிப்பு, ஒரு "ஓம்".

அந்தச் சிரிப்பை ஹயாத்திக்குத் தெரியும். தான் இவ்வளவு நாளும் முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்த சிரிப்பு அது. இது அவளுடைய சொந்த நாடுதானே, பிறகேன் இவளுக்கும் விளங்கவில்லை? அதை யோசிக்க நேரமில்லாமல் எழுந்து ஓடினாள்.

பஸ்லியா அவளைக் கண்டதும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க புள்ள போன நீ? யா அல்லாஹ், என்ட உசிரே போயிட்டு!" என்று தமிழில் கொட்டினாள். பின்னாலேயே குசுமாவதி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். பஸ்லியாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இன்தி மதாம்?" நீதான் இவளுடைய எசமானியா?

பஸ்லியா திடுக்கிட்டாள். சிங்களத்தி ஒருத்தி அரபு பேசியதற்கா, அந்தக் கேள்விக்கா என்று தெரியவில்லை. "லா! லா!" என்று கையை உதறினாள். மாமியார் என்பதற்கு அரபில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. றியாதில் அந்தச் சொல்லுக்குத் தேவை இருந்ததில்லை. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "உம்ம்" என்றாள். தாய். ஹயாத்தியின் தோளைத் தொட்டு, "பின்தி" என்றாள். என் மகள்.

குசுமாவதி நம்பினாளோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு, "லேஷ் ரூஹி?" என்று கேட்டாள். ஏன் போகச் சொன்னாய்? பஸ்லியாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. யாரையும் எங்கேயும் போகச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. "போ, வா, எடு, கழுவு" என்பவற்றைத் தவிர மூன்று பேரிடமும் பொதுவாகச் சொற்கள் அதிகம் இல்லை. கல்முனை பஸ் உறுமத் தொடங்கியது. குசுமாவதி இன்னும் இரண்டு சோளனைச் சுற்றி பஸ்லியாவின் கையில் வைத்தாள். "யல்லா! ரூஹி, ரூஹி!" என்று இருவரையும் பஸ் படியில் தள்ளி ஏற்றினாள்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பஸ் சம்மாந்துறையைத் தாண்டியது. பிறகு ஹயாத்தி தன் விரலில் இருந்த காயத்தைக் காட்டி, குசினியைக் காட்டுவது போல் தேங்காய் துருவிக் காட்டி, "இன்தி கூல் ரூஹி" என்றாள். நீங்கள்தான் போ என்றீர்கள்.

பஸ்லியா அவளைப் பார்த்தாள். காலையில் நடந்தது மெதுவாகத் திரும்பி வந்தது. "அல்லாஹ்வே" என்று நெற்றியில் அடித்தாள். "அதுக்கா? அதுக்கா புள்ள போன நீ?" உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சரித்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அறைக்குப் போய்ப் படு என்றுதான் சொல்ல வந்தது. "ரூஹி..." என்று தொடங்கி, அடுத்த சொல் இல்லாமல் நின்றாள்.

"நாமி?" என்றாள் ஹயாத்தி. தூங்கு.

"நாமி" என்று பஸ்லியா திருப்பிச் சொன்னாள். சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "அந்தச் சொல்லு எனக்குத் தெரியா. றியாத்ல அந்த ஊட்டுல அதை எனக்கு ஒருத்தரும் செல்லல்ல."

ஹயாத்திக்கு அந்த வசனம் விளங்கவில்லை. பஸ்லியா ஏன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்றும் விளங்கவில்லை. "பின்தி" என்று சொன்னது நெஞ்சிலிருந்தா, இல்லை வேறு சொல் கிடைக்காமலா என்று கேட்க நினைத்தாள். அதை எப்படிக் கேட்பது? சோளன் ஒன்றை உரித்துப் பாதியை நீட்டினாள். பஸ்லியா வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பஸ்லியா அரபைக் குறைத்துக்கொண்டாள். நஸ்லா தமிழை முறையாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். நேற்று, இன்று, நாளை என்று விரல் மடித்துச் சொல்லிக் கொடுத்தாள். ஹயாத்தியின் வாயில் நேற்றும் நாளையும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு றம்ஸியா கறிவேப்பிலை கேட்டு வேலியடிக்கு வந்தபோது ஹயாத்தி மட்டும் முற்றத்தில் இருந்தாள்.

"அம்பாறையில காணாமப் போனீங்களாமே? எப்படி?" என்று றம்ஸியா கேட்டாள்.

"அம்பாறை" ஹயாத்திக்குப் பிடிபட்டது. தமிழில் முதல் தடவையாக ஒரு முழு வசனத்தைச் சேர்த்தாள்.

"நாளைக்கு நான் அம்பாறை போற."

"நாளைக்குமா!" என்று றம்ஸியா மார்பில் கை வைத்தாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் பின்கதவால் பஸ்லியாவிடம் போய், "உங்கட மருமகள் நாளைக்கும் அம்பாறைக்குப் போகப் போறாவாம், கேட்டீங்களா?" என்றாள்.

இது ஏனென்று பஸ்லியா யோசித்தாள். அந்தச் சிங்களத்தியைப் பார்க்க ஆசைப்படுகிறாள் போலும். பாசை தெரியாத ஊரில் தன்னோடு கதைத்தவள் அல்லவா. அதுக்கென்ன, தனியே விடாமல் நாமும் போனால் சரி. அன்று இரவே அவள் அந்தச் சிங்களத்திக்குக் கொடுக்க இனிப்பாக வட்டிலப்பம் அவித்தாள்.

மறுநாள் நஸ்லா வகுப்புக்குப் போனபின் பஸ்லியா அபாயா போட்டு, வட்டிலப்பத்தை ஒரு பாத்திரத்தில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "வா புள்ள" என்றாள். மாமி யார் வீட்டுக்கோ போகிறார், துணைக்குக் கூப்பிடுகிறார் என்று ஹயாத்தி அவசரமாக உடுத்துக்கொண்டாள். கலியாண வீடா, மௌத்து வீடா என்று தெரியாததால் முகத்தை இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வைத்துக்கொண்டாள். காரைதீவுச் சந்திவரைக்கும் ஒரு பஸ்ஸில் போய், அங்கே இன்னொன்றில் ஏறினார்கள்.

"அம்பாறைக்கு ரெண்டு" என்று பஸ்லியா கொண்டக்டரிடம் சொன்னாள்.

ஹயாத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்பாறை? லேஷ்?"

"ஏனா?" பஸ்லியா பாத்திரத்தை மடியில் பிடித்தபடி அவளையே பார்த்தாள். "நீதானே புள்ள செல்லி..."

அவள் முடிக்கவில்லை. பஸ் ஏற்கெனவே சம்மாந்துறைப் பக்கம் திரும்பிவிட்டது.